விளையாட்டைக் காட்டி மாணவர் சேர்க்கை: சிறு தனியார் கல்லூரிகளில் நாம் கண்டவை

செந்தூல், கோலாலம்பூர் (முன்னாள் சேர்க்கைப் பிரிவு அலுவலர்)

கடைவீட்டு வரிசையில் இரண்டு மாடிகளை வாடகைக்கு எடுத்து நடத்தப்பட்ட ஒரு தனியார் கல்லூரியின் மாணவர் சேர்க்கைப் பிரிவில் சில ஆண்டுகள் பணியாற்றினேன். எஸ்.பி.எம். (மலேசிய இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வு) முடிவுகள் வெளியானதும் நடக்கும் கல்விக் கண்காட்சிகளில், பெரிய பல்கலைக்கழகங்களின் கூடங்களுக்கு நடுவே எங்கள் மேசையை எட்டிப் பார்ப்பவர்களே குறைவு. அந்த நிலையில்தான் நிர்வாகம் ஃபுட்சல் (சிறிய திடலில் ஆடும் ஐவர் காற்பந்து) அணி தொடங்க முடிவு செய்தது. யூனிகேஎல் பல்கலைக்கழகம் மலேசிய ஹாக்கி லீக்கில் ஆடியதையும், யு.ஐ.டி.எம். பல்கலைக்கழகத்தின் காற்பந்து அணி 2020இல் நாட்டின் முதல்நிலைப் போட்டியான சூப்பர் லீக் வரை சென்றதையும் கூட்டத்தில் எடுத்துக்காட்டினார்கள். அந்த நிறுவனங்களின் அளவு என்ன, எங்கள் இரண்டு மாடி எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

ஆனாலும் கணக்கு பொய்யாகவில்லை. பயிற்றுநரின் சம்பளம், வாடகைத் திடல், சீருடை ஆகியவற்றைக் கூட்டினாலும் ஓர் ஆய்வுக்கூடம் அமைக்கும் செலவில் சிறு பங்குகூட வராது. பயிற்றுநருக்கு இடைநிலைப்பள்ளி ஆசிரியர்களைத் தெரியும். ஒரு பையன் சேர்ந்தால், அவனோடு பள்ளி அணியில் ஆடிய மூன்று நான்கு பேரும் கூடவே வருவார்கள். டிப்ளோமாவுக்கு எஸ்.பி.எம். தேர்வில் மூன்று பாடங்களில் கிரெடிட் (நல்ல தேர்ச்சி) இருந்தால் விண்ணப்பிக்கலாம், கட்டணத்துக்குப் பி.டி.பி.டி.என். என்ற அரசு உயர்கல்விக் கடன் இருக்கிறது.

ஃபுட்சல் ஆட்டத்தில் களத்தில் நிற்பவர்கள் ஐவர். போட்டிக்குப் பதிவு செய்பவர்கள் பதினான்கு பேர். நாங்களோ முதல் அணி, இரண்டாம் அணி, வளர்நிலை அணி என்று மூன்று குழுக்களுக்கு ஆள் சேர்த்தோம். முதல் அணியின் முக்கிய ஆட்டக்காரர்களுக்கு மட்டும் பாதிக் கட்டணம் தள்ளுபடி. மற்றவர்கள் பதிவுக் கட்டணத்தில் கிடைத்த சிறு கழிவோடு ஏறக்குறைய முழுத் தொகையையும் செலுத்தினார்கள். கோல் அடித்தவனைவிட, மாற்று ஆட்டக்காரர் இருக்கையில் உட்கார்ந்திருந்தவனே கல்லூரியின் வாடகையைக் கட்டினான் என்று சொன்னால் மிகையில்லை.

இதை நான் முற்றாகக் குறை கூறமாட்டேன். உணவு விநியோக மோட்டார் சைக்கிளில் ஏறியிருக்கக்கூடிய சிலர் இதனால்தான் வகுப்பறைக்குள் வந்தார்கள். அவர்களில் டிப்ளோமா முடித்தவர்களும் உண்டு. ஆனால் திடல் வாடகை மலிவு என்பதற்காகப் பயிற்சியை இரவு பத்து மணிக்கு வைத்துவிட்டு, காலை எட்டரைக்குக் கணக்கியல் வகுப்பு நடத்தினால் என்ன நடக்கும்? தேர்ச்சிப் புள்ளிச் சராசரி 2.00க்குக் கீழே போனதும் கடன் பணம் நின்றது. கடன் நின்றதும் பையன்களும் நின்றார்கள். நிர்வாகத்துக்கு நாங்கள் அனுப்பும் அறிக்கையில் சேர்ந்தவர்களின் எண்ணிக்கைக்கு ஒரு பத்தி இருந்தது. படிப்பை முடித்தவர்களுக்குப் பத்தியே இல்லை.

பட்டர்வொர்த், பினாங்கு (தந்தை)

செந்தூல் ஐயா சொன்ன தள்ளுபடியை வாங்கியவன் என் மகன், வேறொரு கல்லூரியில். சலுகைக் கடிதத்தின் முதல் பக்கத்தில் ‘விளையாட்டு உபகாரச் சம்பளம்’ என்று தடித்த எழுத்தில் இருந்தது. என் மனைவி பென்சிலை எடுத்து, அந்தத் தள்ளுபடியில் அடங்காதவற்றை ஓரத்தில் ஒவ்வொன்றாக எழுதினார்: பதிவு, தேர்வு, விடுதி, காப்புறுதி, வளக் கட்டணம். கூட்டிப் பார்த்தால், தள்ளுபடி பெற்ற தொகையில் பெரும்பகுதி அங்கேயே போய்விட்டது. இரண்டாம் பக்கத்தில் சிறிய எழுத்தில், மாணவர் ஒவ்வொரு பருவத்திலும் அணியில் இடம்பெற்றால் மட்டுமே சலுகை தொடரும் என்றிருந்தது. மகனுக்கு முழங்கால் தசைநார் கிழிந்தபோது அந்த வரி உயிர்பெற்றது; அடுத்த பருவத்துக்கு முழுக் கட்டண ரசீது வந்தது. கல்லூரி வாக்குத் தவறியதென்று சொல்ல முடியாது, எழுதியபடிதான் நடந்துகொண்டார்கள். கையெழுத்துப் போடுமுன், காயம்பட்டால் என்ன செய்வீர்கள் என்பதற்குப் பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஜார்ஜ்டவுன், பினாங்கு (அமெரிக்காவில் படித்தவர்)

ஒஹாயோ மாநிலத்தில் நான் படித்த சிறிய கல்லூரியில் இதையே பெரிய அளவில் பார்த்தேன். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் மூன்றாம் பிரிவில் உள்ள கல்லூரிகள் விளையாட்டுக்கென்று உபகாரச் சம்பளம் தரக் கூடாது. கல்வித் தகுதிக்கும் குடும்ப வருமானத்துக்கும் ஏற்ற உதவி மட்டுமே தரலாம். அதனால் அங்கே ஆட்டக்காரரும் கட்டணம் செலுத்துபவர்தான். அமெரிக்கக் காற்பந்து அணி ஒன்றில் நூறு பேருக்கு மேல் இருப்பது வழக்கம் என்பதால், ஆண் மாணவர் குறைந்த கல்லூரிகள் முதலில் நாடுவது அந்த ஆட்டத்தைத்தான். இத்தனை பேரைக் கொண்டுவர வேண்டும் என்று பயிற்றுநருக்கு இலக்கும் தருவார்கள். கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் 1972இன் ‘டைட்டில் IX’ சட்டம் பெண்களுக்கும் சம வாய்ப்பைக் கோருவதால், மகளிர் அணிகளும் சேர்ந்தே வளர வேண்டியிருக்கும்.

மிச்சிகனிலுள்ள ஏட்ரியன் கல்லூரி 2005க்குப் பின் புதிய அணிகளையும் திடல்களையும் உருவாக்கி, சில ஆண்டுகளில் மாணவர் எண்ணிக்கையை ஏறத்தாழ இரட்டிப்பாக்கியது. அலபாமாவிலுள்ள பர்மிங்காம்-சதர்ன் கல்லூரியும் 2007இல் அமெரிக்கக் காற்பந்தை மீண்டும் தொடங்கியது. ஆனால் நிதி நெருக்கடி தீராமல் 2024 மே 31 அன்று மூடப்பட்டது. அதே நாளில் அதன் பேஸ்பால் அணி மூன்றாம் பிரிவு தேசிய இறுதிச் சுற்றில் ஆடிக்கொண்டிருந்தது. கடனில் இருக்கும் கல்லூரியை நல்ல அணி மட்டும் காப்பாற்றிவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன்.

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர் (பயிற்றுநர்)

ஜார்ஜ்டவுன் தம்பி சொன்ன இலக்கு எனக்கும் உண்டு. வேலையில் சேரும்போது நான் இரண்டு நிபந்தனைகள் வைத்தேன்: பயிற்சி மாலை ஐந்து முதல் ஏழு வரை மட்டுமே நடக்கும், வருகைப் பதிவை விரிவுரையாளர்கள் வாரந்தோறும் எனக்கு அனுப்புவார்கள். வகுப்பைத் தவறவிட்டவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அந்த வாரம் ஆட்டமில்லை. முதலில் முணுமுணுத்தவர்கள், நட்சத்திர ஆட்டக்காரர் ஒருவரையே வெளியே உட்காரவைத்ததும் அடங்கினார்கள். அந்த ஆட்டத்தில் தோற்றோம், அது வேறு விஷயம்.

இப்போது நிர்வாகம் மகளிர் வலைப்பந்து அணியும் தொடங்கலாமா என்று கேட்கிறது. பயிற்சி முடிந்ததும் மாணவியரை விடுதியிலும் எல்.ஆர்.டி. ரயில் நிலையத்திலும் கொண்டுபோய்விட வேன் உண்டா என்று நான் திருப்பிக் கேட்டிருக்கிறேன். அதற்கு இன்னும் பதில் வரவில்லை.