புதுப்பிப்பு: ஹார்மோன் மாத்திரையும் மாரடைப்பும்

மாதவிடாய் நின்ற பெண்களுக்கான ஹார்மோன் சிகிச்சை பற்றிய அமெரிக்கப் பரிசோதனை 2002 ஜூலையில் பாதியில் நிறுத்தப்பட்டதை முன்பு எழுதியிருந்தேன். அப்புறம் பலரும் கேட்டது ஒன்றுதான்: "மாரடைப்பு 29 சதவீதம் கூடுமா? அக்காவை மாத்திரையை நிறுத்தச் சொல்லட்டுமா?"

அந்தப் பரிசோதனையின் அறிக்கையில் வந்த 29-ஐப் பிரித்துப் பார்ப்போம். ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் ஆண்டுக்கு 10,000 பேரில் 30 பேருக்கு மாரடைப்போ இதயநோய் மரணமோ நேர்ந்தது; ஹார்மோன் சாப்பிட்டவர்களில் 37. கூடுதல் 7 பேர் (நேராக வகுத்தால் 23 சதவீதம்தான்; 29 என்பது வயது முதலியவற்றையும் கணக்கில் எடுத்த மதிப்பீடு). சதவீதமாகச் சொன்னால் வயிற்றைக் கலக்கும்தான்!

அடுத்தது வயது. சேர்ந்த 16,608 பேரின் சராசரி வயது 63. உடம்பு திடீரென்று கொதித்து, நள்ளிரவில் நைட்டி நனைந்து எழுவதால் இந்த மாத்திரையைக் கேட்பவர்கள் பெரும்பாலும் ஐம்பதை ஒட்டியவர்கள். பின்னர் வயதுவாரியாகப் பார்த்தபோது, மாதவிடாய் நின்று பத்தாண்டுக்குள் இருந்தவர்களிடம் மாரடைப்பு கூடியதாகத் தெரியவில்லை. பக்கவாத ஆபத்து அப்படி வயது பார்த்து விலகவில்லை. இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

அதனால் அக்கா தானாக நிறுத்த வேண்டாம், மருத்துவரிடம் பேசட்டும். ஏற்கெனவே மாரடைப்போ இதய ரத்தக்குழாய் அடைப்போ வந்தவர் என்றால் கதை வேறு. அப்படிப்பட்ட 2,763 பெண்களிடம் நடந்த ஆய்வு 1998-ல் வெளியானது: மொத்தத்தில் பலன் இல்லை, முதல் ஆண்டில் பாதிப்பு கூடவே இருந்தது. இதயத்தைக் காக்க என்றே யாராவது இதை எழுதிக்கொடுத்தால், நான் இன்னொரு மருத்துவரையும் கேட்பேன்.

தோலில் ஒட்டும் ஹார்மோன் பட்டை பற்றிக் கேட்டவருக்கு: அதில் மருந்து முதலில் கல்லீரல் வழியாகப் போவதில்லை. ரத்தக்கட்டி ஆபத்து மாத்திரையைவிடக் குறைவு என்றே ஆய்வுகள் காட்டுகின்றன.