விக்டரி மாதிரிக் கப்பல்: பாய்மர அளவுக்குப் படத்தை நம்பலாமா?

மரத்தூள்:
வணக்கம். 1805இல் டிரஃபால்கர் போரில் நெல்சன் நின்ற 'விக்டரி' கப்பலை 1:100 அளவில் செய்துவருகிறேன். உடற்பகுதி முடிந்துவிட்டது. கீழ்ப் பீரங்கித் தளம் 186 அடி நீளம், கப்பலின் அகலம் 51 அடி 10 அங்குலம். அண்மையில் எடுத்த புகைப்படத்தில் அளந்தால் பாய்மரங்கள் மிகக் குட்டையாக வருகின்றன. தேக்குக் கழியில் வாள் வைப்பதற்கு முன் கேட்டுக்கொள்கிறேன்: எந்த அளவை நம்புவது?

நங்கூரம்:
அந்தப் படத்தை ஓரமாக வையுங்கள். 2011இலேயே மேல்மரங்களைக் கழற்றிவிட்டார்கள். 2021இல் நடுப் பாய்மரத்தையே இறக்கிவிட்டார்கள். அதுவும் நெல்சன் காலத்து மரமில்லை. 'ஷா' என்ற கப்பலிலிருந்து எடுத்து 1894இல் நட்ட இரும்பு.

1794இல் டேவிட் ஸ்டீல் தம் பாய்மர நூலில் அச்சிட்ட கணக்கைப் பிடியுங்கள். தள நீளத்தோடு அகலத்தைக் கூட்டிப் பாதியாக்கினால் நடுப் பாய்மரத்தின் அடிமரம் கிடைக்கும். உங்கள் கப்பலுக்கு ஏறக்குறைய 119 அடி, அதாவது 362 மி.மீ. அதன் மேல் நிற்கும் இரண்டாம் மரம் அதில் ஐந்தில் மூன்று பங்கு: 217. மூன்றாம் மரம் அதிலும் பாதி: 109. முன் பாய்மரத்தின் அடிமரம் நடுவிலுள்ளதில் ஒன்பதில் எட்டு: 322. தடிமன் கெஜத்துக்கு ஓர் அங்குலம்; உங்களுக்குப் பத்து மி.மீ.

மரத்தூள்:
மிக்க நன்றி. மூன்றையும் கூட்டினால் 688 வருகிறதே! தளத்தின் மேல் அவ்வளவு உயரம் நிற்குமா?

நங்கூரம்:
நிற்காது, நிற்கவும் கூடாது. 362 என்பது தளத்திலிருந்து அல்ல, கப்பலின் அடிவயிற்றில் மரம் ஊன்றிய இடத்திலிருந்து. தளத்துக்குக் கீழே மறைவதை முதலில் கழியுங்கள். அடுத்து, ஒரு மரத்தின் உச்சிக்கு மேல் இன்னொன்று உட்காருவதில்லை. முன்னால் ஒட்டி, உடன் சேர்ந்து நிற்கும். அடிமரத்தின் தலைப்பகுதி ஏழில் ஒரு பங்கு, சுமார் 50 மி.மீ. அவ்வளவும் இரட்டை மரம். பலருடைய மாதிரிகள் ஒட்டடைக்கம்பு போல் நீண்டு நிற்பதற்கு இதுதான் காரணம். பார்க்கவே மனம் பொறுக்காது.

கடலோடி:
ஒன்று சேர்க்கிறேன். பின் பாய்மரம் அடிவயிற்றில் ஊன்றியிருந்தால் நடுவிலுள்ளதில் ஏழில் ஆறு. கீழ்த்தளத்தில் ஊன்றியிருந்தால் நான்கில் மூன்று. உங்கள் வரைபடத்தில் எது என்று பார்த்துவிட்டு வெட்டுங்கள்.

கழியை ஒரே சீராக இழைத்துவிடாதீர்கள். தளமட்டத்தில் பத்து என்றால், கால் தூரத்தில் 9.8, பாதியில் 9.3, முக்காலில் 8.6, தலை தொடங்கும் இடத்தில் 7.5. முதலில் சதுரமாகவே இந்த அளவுகளுக்குச் சீவுங்கள், பிறகு எட்டுப் பட்டை, கடைசியில்தான் உப்புத்தாள்.