பார்சலில் துணியோடு பூச்சியும் வந்த அனுபவம் யாருக்காவது உண்டா?

ஊசிமுனை:
நேராக விஷயத்துக்கு வருகிறேன். அக்கா மகள்கள் இரண்டு பேருக்கும் பட்டுப் பாவாடை தைக்க அரக்கு நிறத்தில் நாலரை மீட்டர் வாங்கினேன். ஆடித் தள்ளுபடி, வாட்ஸ்அப் கடை, பெயர் வேண்டாம். வந்த அன்று பிரித்துப் பார்த்தேன். நிறம் சரி, கரை சரி, சரிகையும் சரி. அப்படியே பீரோவில் வைத்துவிட்டேன்.

மறுநாள் அளவெடுக்க உதறினால் வெள்ளை டைல்ஸ் மேல் பொடிப்பொடியாக ஏதோ கொட்டியது. ரவை மாதிரி, ஆனால் அரக்கு நிற ரவை. மாமியார் குனிந்து ஒரு சிட்டிகை எடுத்தார். விரலில் உருட்டிப் பார்த்து, "கேசரிக்கு வறுத்த ரவை மாதிரி இருக்கே, சாயம் உதிருதா?" என்றார். நானும் சாயம்தான் என்று நினைத்துக் கூட்டித் தள்ளிவிட்டேன். மூன்றாவது மடிப்பைப் பிரித்தபோதுதான் தெரிந்தது. சிலந்தி வலை மாதிரி வெள்ளையாக ஒட்டிக்கொண்டு ஒரு குழல். உள்ளே அரிசி நீளத்துக்கு ஒரு புழு, தலை மட்டும் பழுப்பு. அதைச் சுற்றி மூன்று ஓட்டை. மாமியார் விரலில் உருட்டியது சாயம் இல்லை, அதனுடைய எச்சம். அரக்குப் பட்டைத் தின்றால் அரக்கு நிறத்தில்தான் போகுமாம். மாமியாரிடம் இன்னும் சொல்லவில்லை.

கடையில் கேட்டால் குரல் பதிவில் பதில் வந்தது: "மேடம், பட்டே புழுவிலிருந்துதானே வருது." இதற்கு என்ன சொல்ல?

என்னை உறுத்துவது அந்த நாலரை மீட்டர் இல்லை. அந்தத் துணி ஒரு ராத்திரி முழுக்க என் கூறைப்புடவை மேல் கிடந்தது.

கட்பீஸ் கண்மணி:
ஓப்பனிங் வீடியோ எடுத்தீர்களா? எடுக்கவில்லை என்றால் கடைக்காரர் அசையவே மாட்டார். நான் எடுத்தும் பிரயோஜனம் இல்லாமல் போன கதையைக் கேளுங்கள். லினன் கட் பீஸ், மொத்தம் ஆறு. ஒரு கையில் மொபைல், ஒரு கையில் பிளேடு. கவரைக் கிழிக்கும்போது உள்ளே இருந்து ஒரு கரப்பான் ஓடி வந்து என் கட்டைவிரல் மேல் ஏறியது. கை உதறியதில் பிளேடு துணியில் இறங்கிவிட்டது. வீடியோவில் எல்லாம் பதிவாகியிருக்கிறது: கரப்பான், என் அலறல், பிளேடு துணியைக் கிழிப்பது. கடைக்காரர் பார்த்துவிட்டு அனுப்பிய பதில், "சிஸ்டர், டேமேஜ் உங்க சைடுல ஆகியிருக்கு." கரப்பானைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை!

அட்டைப்பெட்டியின் மடிப்பில் கருப்பாக, காராமணிப் பயறு அளவில் ஒன்று ஒட்டியிருந்தது. அதுதான் முட்டைக் கூடு, ஒன்றுக்குள் பத்துப் பதினைந்து குஞ்சு இருக்கும். அதனால் இப்போதெல்லாம் பெட்டி என் வீட்டு வாசல்படியைத் தாண்டாது.

காஜாபட்டன்:
22 வருஷமாகத் தைக்கிறேன். முன்பெல்லாம் துணி கடையிலிருந்து நேராக என்னிடம் வரும். இப்போது பத்தில் ஆறு பிளவுஸ் பிட் கூரியர் கவரோடு வருகிறது. போன தை மாதம் ஒரு அம்மா கல்யாண பிளவுஸ் கொடுத்துவிட்டுப் போனார். பச்சைப் பட்டு. லைனிங் வைத்து வெட்டி முடித்து, முதுகுப் பக்கத்தைத் தூக்கிப் பிடிக்கிறேன், டியூப்லைட் வெளிச்சம் இரண்டு புள்ளியாகத் தெரிகிறது. சரியாகக் கழுத்துக்குக் கீழே. வெட்டியாகிவிட்டது, துணி மிச்சமும் இல்லை. அந்த அம்மா வந்து பார்த்துவிட்டு, "அயர்ன் பாக்ஸ் வெச்சீங்களா?" என்றார். அயர்ன் வைத்தால் ஓரம் கருகி இறுகிப் போயிருக்கும், கத்தரி பட்டால் கோடாக இருக்கும், இது நூலைக் கொறித்துக் கொறித்து விட்ட ஓட்டை என்று எவ்வளவோ சொன்னேன். எடுபடவில்லை. அந்த இரண்டு புள்ளி மேலும் ஆரி வேலையில் ஒரு மாங்காய் போட்டு மறைத்தேன். என் காசில். கல்யாணத்தில் எல்லோரும் அந்த மாங்காயைப் பாராட்டினார்களாம், வந்து சொன்னார். நானும் சிரித்துவைத்தேன்.

இப்போது துணி கொடுப்பவர் எதிரிலேயே டியூப்லைட்டில் பிடித்துக் காட்டிவிட்டுத்தான் ரசீது போடுகிறேன்.

பாவுநூல்:
முதல் பதிவில் அந்தக் கடைக்காரர் சொன்னதைப் பலர் உண்மை என்றே நம்புகிறார்கள், அதனால் எழுதுகிறேன். பட்டுப்புழு துணியில் இருக்க வழியே கிடையாது. கூட்டை வெந்நீரில் போட்டுத்தான் நூல் இழுக்கிறார்கள். தப்பிப் பிழைத்தாலும் அதற்கு மல்பெரி இலைதான் சாப்பாடு, பட்டை அது தின்னாது. துணியில் இருப்பது துணி அந்துவின் புழு. உடம்பெல்லாம் முடியாக, பழுப்புக் கோடு போட்டு இருந்தால் கம்பள வண்டின் புழு. இரண்டுக்கும் முடி, கம்பளி, இறகு, பட்டு ஆகியவைதான் உணவு. பாலியெஸ்டரைத் தின்று அவற்றால் உயிர் வாழ முடியாது.

என் தோழி ஒருத்திக்கு "ஒரிஜினல் பட்டு" என்று வந்த புடவையில் ஜாக்கெட் பகுதி மட்டும் அரித்திருந்தது. புடவையின் உடல் பகுதியில் ஒரு ஓட்டைகூட இல்லை. நூலை எரித்துப் பார்த்தோம். ஜாக்கெட் நூல் முடி கருகும் வாசனை அடித்துச் சாம்பலானது. உடல் நூல் உருகிக் கட்டியாகிவிட்டது. பூச்சி எங்களுக்கு முன்பே சோதனை செய்துவிட்டது.

பஞ்சுமூட்டை (திருப்பூர்):
பாவுநூல் சொல்வதில் ஒரு திருத்தம். பருத்தியில் பூச்சியே வராது என்று யாரும் முடிவு கட்டிவிடாதீர்கள். பருத்தி நூலை அது விரும்பாது, கஞ்சியை விரும்பும். கைத்தறிப் பாவுக்குக் கஞ்சி போடாமல் நெய்ய முடியாது. அந்தக் கஞ்சிக்குத்தான் வெள்ளி நிறத்தில் ஓடுமே, அந்த இராமபாணப் பூச்சி வருகிறது. கரப்பானும் அதற்குத்தான் வருகிறது. துணி வந்ததும் அலசிக் கஞ்சியை எடுத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

என் அனுபவம் சின்னது. கோயம்புத்தூரிலிருந்து ஒரு அம்மா கோரா துணி 10 மீட்டர் வாங்கிவிட்டு நள்ளிரவு 12 மணிக்குப் போன் செய்தார். "துணி முழுக்க மூட்டைப்பூச்சி" என்று அழாத குறை. போட்டோ அனுப்பச் சொன்னேன். பழுப்பும் கருப்புமாகப் புள்ளிகள். நகத்தால் சுரண்டிப் பாருங்கள், நகர்கிறதா என்றேன். நகரவில்லை. அது பருத்திக்கொட்டையின் தோல். வெளுக்காத துணியில் அது இருக்கத்தான் செய்யும், வெளுத்தால் போய்விடும். சொல்லிப் புரியவைக்க ஒரு மணி ஆகிவிட்டது. மறுநாள் துணி திரும்பி வந்துவிட்டது.

உண்மையில் பருத்தியில் பூச்சி செய்யும் பெரிய சேதம் உங்கள் கண்ணுக்கே தெரியாது. செடியில் இருக்கும்போதே வெள்ளை ஈயும் அசுவினியும் சாறு குடித்துவிட்டு, இனிப்பாக ஒரு பிசினைக் கழிக்கும். வெடித்த பஞ்சில் அது படிந்துவிடும். அந்தப் பஞ்சு மில்லுக்கு வந்தால் உருளையில் போய்ச் சுற்றிக்கொள்ளும். இழை அறும், நூல் ஏற்ற இறக்கமாக வரும், மெஷினை நிறுத்தித் துடைக்க வேண்டும். காற்றில் ஈரம் கூடினால் ஒட்டுவதும் கூடும். ஒட்டும் பஞ்சை நல்ல பஞ்சோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து ஓட்டுவார்கள். எங்கள் அப்பா மில்லில் இருந்த காலத்தில் பேலைப் பிரித்து, ஒரு கொத்து எடுத்து நாக்கில் வைத்துப் பார்ப்பாராம். இனித்தால் தனியாக ஒதுக்கிவிடுவார். அப்புறம் விதைத்தோலைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது ஜின்னிங்கில் அரைபட்டு...

கட்பீஸ் கண்மணி:
அண்ணா, கேட்டது பார்சலில் வந்த பூச்சி. நீங்கள் வயலுக்கே போய்விட்டீர்கள்.

பஞ்சுமூட்டை (திருப்பூர்):
அடிப்படை தெரியாமல் துணி வாங்குவதால்தான் இந்தத் தலைவலி எல்லாம்.

மீன்குழம்பு மைதிலி:
ஃப்ரீசர் வழியை யாரும் சொல்லவில்லையே? துஸ்ஸர் பட்டுத் துணி 3 மீட்டர். பிரித்தவுடன் மடிப்பிலிருந்து வெள்ளைத் துகளாகச் சிறு தோல்கள் விழுந்தன. பூச்சி இல்லை, அது உரித்துப் போட்ட சட்டைகள் மட்டும். அதுதான் பயமாக இருந்தது, ஆள் எங்கே என்று தெரியவில்லை. ஜிப் கவரில் போட்டுக் காற்றை வெளியேற்றி ஃப்ரீசரில் வைத்தேன். வீட்டு ஃப்ரீசர் மைனஸ் 18 வரை போகும், அந்தக் குளிரில் விட்டுவைத்தால் முட்டை வரை செத்துவிடும் என்கிறார்கள். எங்கள் வீட்டில் அடிக்கடி கதவைத் திறப்பதால் இரண்டு வாரம் விட்டேன். அருங்காட்சியகங்களில் பழைய துணிகளுக்குச் செய்வதும் இதைத்தான், அங்கே இன்னும் குளிர் அதிகம்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. அன்று விருந்தாளி வந்திருந்தார்கள். என் கணவர் வஞ்சிரம் பாக்கெட் என்று நினைத்து என் துஸ்ஸரை எடுத்துத் தண்ணீரில் போட்டுவிட்டார். நல்லவேளை, கவர் பிரியவில்லை. வெளியே எடுத்ததும் பிரிக்கக் கூடாது, அறைச் சூட்டுக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் துணியில் ஈரம் படியும். அவர் என்னவோ அதை மதியம் முழுக்க மசாலா தடவத் தேடிக்கொண்டிருந்தார்.

குளிர்நாட்டுக்காரி (லண்டன்):
உங்களுக்கு ஒரு துணி. எனக்கு ஒரு அலுமாரி. மகனுக்கு ஓவர்கோட் தைப்பம் என்று கம்பளித் துணி தபாலில் எடுப்பித்தேன். நேரமில்லாமல் நாலு மாதம் அப்படியே கிடந்தது. எடுத்து விரித்தபோது வைக்கோல் நிறத்தில் சின்னப் பூச்சியொன்று. மற்றப் பூச்சிகள் வெளிச்சத்துக்குப் பறக்கும், இது வெளிச்சத்தைக் கண்டு மடிப்புக்குள் ஓடியது. இரண்டு கையாலும் அடித்தேன். உள்ளங்கையில் பொன் தூள் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றது இன்னும் நினைவிருக்கு, ஏனென்றால் அடுத்த பார்வை என் அம்மம்மாவின் சால்வை மேல் போனது. அது ஏற்கெனவே சல்லடை.

பறக்கிறது ஒன்றும் தின்னாது, அதுக்கு வாயே ஒழுங்காக இல்லை. தின்கிறது முழுக்கப் புழுதான். கடையில் விற்கிற ஒட்டும் பொறியை வாங்கி வைத்துவிட்டு ஆறுதலாக இருக்க வேண்டாம், அதில் இருக்கிற பெண் பூச்சி வாசனைக்கு ஆண் பூச்சிதான் வரும். முட்டை இடுகிறது வராது.

மாமியின் மெஷின்:
இதற்கெல்லாம் ஃப்ரீசர், பொறி என்று ஏன் அல்லாட வேண்டும்? எங்கள் வீட்டில் வசம்புத் துண்டு, காய்ந்த வேப்பிலை, வெள்ளை மல் துணி, அவ்வளவுதான். எனக்கு ஒருமுறை வந்த பட்டில் சுவர் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்குமே, வெள்ளரி விதை மாதிரி சாம்பல் நிறக் கூடு, அது ஒன்று ஒட்டியிருந்தது. எடுத்துப் போட்டேன், முடிந்தது.

ஆனால் கேளுங்கள். பட்டை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரித்து மடிப்பு மாற்ற வேண்டும். உச்சி வெயிலில் போடக் கூடாது, நிழலில் காற்றாட விட வேண்டும். பிளாஸ்டிக் கவரில் பட்டைக் கட்டிவைக்காதீர்கள். வியர்வை, எண்ணெய் பட்ட இடத்தைத்தான் பூச்சி முதலில் தேடும், ஆகவே ஒருமுறை உடுத்தியதை அப்படியே உள்ளே வைக்கக் கூடாது. பாச்சா உருண்டையைச் சரிகை மேல் படும்படி வைக்காதீர்கள். பீரோவின் மூலையில் பழைய முடி, தூசி இருந்தால் துடையுங்கள், அங்கேதான் குடித்தனம். வசம்பை வருஷம் ஒருமுறை மாற்றுங்கள், வாசனை போனால் அது வெறும் குச்சி. பீரோவின் கீழ்த்தட்டில்...

குளிர்நாட்டுக்காரி (லண்டன்):
மாமி, வேப்பிலை வருகிறதைத் தடுக்கலாம், ஏற்கெனவே உள்ளே இருக்கிற முட்டையை என்ன செய்யும்? பாச்சா உருண்டை என்று சொல்லுகிறவர்களுக்கும் ஒன்று: ஐரோப்பிய ஒன்றியத்தில் நாப்தலீன் உருண்டை 2008லேயே தடை. ஜி6பிடி குறைபாடு (ரத்த அணுக்களில் ஒரு நொதி பிறவியிலேயே குறைவாக இருக்கிறது) உள்ள பச்சைக் குழந்தைகளுக்கு அந்த உடுப்பைப் போட்டால் ரத்த அணுக்கள் உடைந்து மஞ்சட்காமாலை வரும். குழந்தை உள்ள வீட்டில் தொட்டில் துணிக்குப் பக்கத்தில்கூட வைக்காதீர்கள்.

மாமியின் மெஷின்:
நாங்கள் எல்லாம் அந்த வாசனையில்தான் வளர்ந்தோம்.

கடுக்காய்:
கலம்காரித் துணிக்கு ஏதாவது வழி உண்டா? கையால் வரைந்தது, கடுக்காயும் எருமைப் பாலும் ஊறவைத்துச் செய்வார்களே, அந்த வாசனை இன்னும் அடிக்கிறது. பார்சலில் பூச்சி இல்லை. ஆனால் மேசை மேல் வைத்த அரை மணியில் எறும்பு வரிசை கட்டி, கிருஷ்ணர் முகத்தைச் சுற்றியே நின்றது. நான் தட்டிவிடவில்லை, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பாவுநூல்:
ஊசிமுனை, 2020 மின் வணிக விதிகளின்படி பழுதான பொருளைத் திரும்ப வாங்க மாட்டேன் என்று விற்பவர் சொல்லக் கூடாது. "நோ ரிட்டர்ன்" என்று ஸ்டேட்டஸில் போட்டுவிட்டால் சட்டம் மாறிவிடாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்து புகார் பதியுங்கள். புழுவைத் தூக்கிப் போட்டுவிட்டீர்களா? ஒரு டேப்பில் ஒட்டி வைத்திருக்கலாமே.

ஊசிமுனை:
தூக்கிப் போடவில்லை, மாத்திரை டப்பாவில் இருக்கிறது. 1915 என்று ஒரு வரி எழுதி அனுப்பியதும் குரல் பதிவு நின்றுபோய் எழுத்தில் பதில் வந்தது. வேறு துணி அனுப்பியிருக்கிறார்கள்.

கூறைப்புடவையை முந்தாநாள் இரவு எல்லோரும் தூங்கிய பிறகு பிரித்தேன். ஆறு கஜமும் கூடத்தில் விரித்து, மொபைல் டார்ச் வைத்துத் தவழ்ந்துகொண்டே பார்த்தேன். முந்தானை ஓரத்தில் ஒரு புள்ளி. நெஞ்சு நின்றுவிட்டது. நகத்தால் தொட்டால் ஓட்டை இல்லை, அட்சதை மஞ்சள். பதினோரு வருஷமாக அங்கேயே இருந்திருக்கிறது. முட்டை இருந்தால் என் கண்ணுக்குத் தெரியவா போகிறது? இப்போது புடவை ஃப்ரீசரில், ஐஸ்கிரீம் டப்பாவுக்குப் பக்கத்தில். கவர் மேல் "மீன் இல்லை" என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்.

புதுத் துணி நேற்றே வந்துவிட்டது. பெட்டி திண்ணையில் இருக்கிறது. தம்பி மொபைலோடு வரட்டும், அதுவரை பிரிப்பதாக இல்லை.

மீன்குழம்பு மைதிலி:
பிளேடு வேண்டாம், கத்தரியால் பிரியுங்கள்.

புதுஉறுப்பினர்77:
எந்தக் கடை? தனிச் செய்தியில் சொல்லுங்கள் சிஸ்டர், நானும் அரக்கு நிறம்தான் ஆர்டர் போட்டிருக்கிறேன்.