ஈப்போ டவுனில் பழைய கொண்டோ: இப்போதே வாங்கலாமா, பொறுக்கலாமா?

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. நாங்கள் சுங்கை சிப்புட்காரர்கள். தோட்ட வேலையிலிருந்து அப்பா ஓய்வு பெற்றுவிட்டார், எனக்கு வேலை ஈப்போவில். டவுனுக்குள் பழைய கொண்டோ ஒன்று பார்த்து வைத்திருக்கிறோம். விலை கைக்கு எட்டுகிறது. ஆனால் 99 ஆண்டு லீஸ்ஹோல்ட் (குத்தகை நிலம்), அதில் கணிசமான ஆண்டுகள் ஓடிவிட்டன. குத்தகை குறையக் குறைய பேங்க் லோன் கொடுக்கத் தயங்கும், சீக்கிரம் புக்கிங் போடுங்கள் என்கிறார் ஏஜெண்டு. (அவர் அவசரம் அவருக்கு!)

2025 ஜூலையில் மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாரா, ஓபிஆர் எனும் அடிப்படை வட்டி விகிதத்தை 2.75 விழுக்காட்டுக்கு இறக்கியது. அதனால் வட்டி இன்னும் இறங்கட்டும் என்று காத்திருப்பதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை.

என் கவலையெல்லாம் லிஃப்ட்தான். இரண்டில் ஒன்று ஓடவில்லை, அப்பாவுக்கோ முட்டிவலி. மெய்ண்டனன்ஸோடு அதில் 10 விழுக்காட்டை சிங்க்கிங் ஃபண்டுக்கும் (பெரிய பழுது, மாற்று வேலைகளுக்கான சேமிப்பு நிதி) கட்ட வேண்டும் என்று அடுக்குமாடிகளுக்கான 2013 ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டம் சொல்கிறது. பாதிப் பேர் கட்டாமல் இருந்தால் லிஃப்ட் மாற்றக் காசு எங்கிருந்து வரும்? வாங்குவதற்கு முன்பே ஜேஎம்பியின் (கட்டடத்தின் கூட்டு நிர்வாக அமைப்பு) கணக்கைக் கேட்டுப் பார்த்தவர்கள் யாராவது உண்டா? லாயர் மூலம் கேட்க வேண்டுமா, நேரே ஆபீசுக்குப் போனால் காட்டுவார்களா?

இன்னொன்று, இந்த வீட்டுக்கான தனி ஸ்ட்ராட்டா கிராண்ட் (உரிமைப் பத்திரம்) இன்னும் வரவில்லை. அது வரும்வரை பொறுப்பதா, இல்லை அதையே காட்டி விலையைக் குறைத்து இப்போதே முடிப்பதா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.