லாஸ் ஏஞ்சலிஸ் தீ: தண்ணீரும் தீயணைப்புத் துறையும் ஒரே மாநகர நிர்வாகத்திடம் இருந்தும் ஏன் போதவில்லை?

கேள்வி (கோவை வாசகர்):

அனைவருக்கும் வணக்கம். 2025 ஜனவரி 7 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் பசிபிக் பாலிசேட்ஸ் பகுதியில் மூண்ட தீயை அப்போது தொலைக்காட்சியில் பார்த்ததோடு சரி. அண்மையில்தான் அதைப் பற்றி விரிவாகப் படிக்கத் தொடங்கினேன். 12 பேர் உயிரிழந்தனர், 6,800-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன என்பதைவிட, தெருவோரத் தீயணைப்புக் குழாய்களில் தண்ணீர் வரவில்லை என்ற செய்திதான் என்னை மிகவும் யோசிக்க வைத்தது.

எங்கள் கோவையில் குடிநீர் மாநகராட்சியின் பொறுப்பு, தீயணைப்பு நிலையமோ மாநில அரசின் பொறுப்பு. ஆகவே ஏதேனும் தவறினால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டிவிட முடியும். லாஸ் ஏஞ்சலிஸில் அந்த வசதி இல்லை. குடிநீரையும் மின்சாரத்தையும் வழங்கும் நீர், மின்சாரத் துறையும் தீயணைப்புத் துறையும் மாநகரத்திற்கே சொந்தமானவை. இரண்டின் மீதும் மாநகர மன்றத்திற்கும் மேயருக்கும் அதிகாரம் உண்டு. அப்படியிருந்தும் ஒரே இரவில் தண்ணீரும் போதவில்லை, ஆட்களும் போதவில்லை. நீர்த்தேக்கம் காலியாக இருந்தது என்கிறார்கள் சிலர். பட்ஜெட்டை வெட்டிவிட்டார்கள் என்கிறார்கள் சிலர். தீயணைப்புத் துறைத் தலைவர்தான் காரணம் என்று மேயரே சொன்னார். இவற்றில் எது எவ்வளவு உண்மை என்பதை, துறை அறிந்தவர்கள் சற்று விளக்கினால் நன்றாக இருக்கும்.

பதில் 1 (ஓய்வுபெற்ற குடிநீர்ப் பொறியாளர்):

தண்ணீரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அரசியலை மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

நீங்கள் குறிப்பிடும் நீர்த்தேக்கத்தின் பெயர் சாந்தா இனெஸ். 11.7 கோடி கேலன், அதாவது ஏறத்தாழ 44 கோடி லிட்டர் கொள்ளளவு கொண்டது. குடிநீர்த் தேக்கங்கள் மூடியிருக்க வேண்டும் என்ற விதிப்படி அதன் மேல் மிதக்கும் உறை ஒன்று விரிக்கப்பட்டிருந்தது. அதில் கிழிசல் ஏற்பட்டதால் 2024 பிப்ரவரியில் தேக்கத்தைக் காலி செய்தார்கள். பழுதுபார்க்கும் வேலையின் மதிப்பு சுமார் 1,30,000 டாலர்தான். அந்த அளவு நகரத்திற்கு இது சில்லறைச் செலவு. ஆனால் ஒப்பந்தப்புள்ளி கோரி, முடிவு செய்து, வேலையை ஒப்படைக்கவே நவம்பர் ஆகிவிட்டது. ஜனவரியில் தேக்கம் இன்னும் காலியாகத்தான் இருந்தது. டெண்டர் வேலை பார்த்த எவருக்கும் இது வியப்பாக இராது, எனக்கும் இல்லை.

ஆனால் தேக்கம் நிரம்பியிருந்தால் குழாய்கள் வற்றியிருக்காது என்று முடிவு கட்டுவது அவசரம். மலைச்சரிவில் இருந்த வீடுகளுக்கும் தெருக்குழாய்களுக்கும் தண்ணீர் தந்தவை, ஒவ்வொன்றும் 10 லட்சம் கேலன் கொண்ட மூன்று தொட்டிகள். கீழே செல்லும் பிரதான குழாயிலிருந்து மோட்டார் மூலம் அவற்றுக்கு நீரேற்ற வேண்டும். அங்கிருந்து நீர் தன் எடையாலேயே கீழிறங்கும். நம் ஊர் மேல்நிலைத் தொட்டியின் கணக்கேதான். ஒரு தீயணைப்புக் குழாய் நிமிடத்திற்கு 1,000 கேலன் தருவதாக வைத்துக்கொள்ளுங்கள். பத்துக் குழாய்களை ஒரே சமயத்தில் திறந்தால், மூன்று தொட்டிகளும் ஐந்து மணி நேரத்தில் தீர்ந்துவிடும், மேலேற்றும் நீரைக் கணக்கில் சேர்க்காவிட்டால். அன்று நடந்ததும் ஏறக்குறைய அதுதான்: முதல் தொட்டி மாலை 4.45 மணிக்கும், இரண்டாவது இரவு 8.30 மணிக்கும், மூன்றாவது மறுநாள் அதிகாலை 3 மணிக்கும் வற்றின. வழக்கமான தேவையைப் போல் நான்கு மடங்கு தண்ணீர் தொடர்ந்து 15 மணி நேரம் இழுக்கப்பட்டதாக நீர்த்துறைத் தலைவர் ஜனீஸ் கின்யோனெஸ் தெரிவித்தார். கீழே அத்தனை பேர் இழுக்கும்போது பிரதான குழாயிலேயே அழுத்தம் விழுந்துவிடும்; அழுத்தம் விழுந்தால் மேலே நீரேற்ற முடியாது. இதோடு, எரிந்து விழுந்த ஒவ்வொரு வீட்டின் உடைந்த இணைப்புக் குழாயும் தன் பங்குக்குத் தண்ணீரைத் தரையில் கொட்டிக்கொண்டிருக்கும். அதை அடைக்க அந்த நேரத்தில் யார் போவார்கள்?

சாந்தா இனெஸ் நிரம்பியிருந்தால் அழுத்தம் சிறிது நேரம் கூடுதலாக நின்றிருக்கலாம். 2025 நவம்பரில் கலிபோர்னியா மாநில அரசு வெளியிட்ட ஆய்வும், அது நிரம்பியிருந்தாலும் அந்த வேகத்தில் இழுக்கப்பட்ட தண்ணீருக்கு அழுத்தத்தைக் காத்திருக்க முடியாது என்றே கூறியது. நகரக் குழாய் அமைப்பு, ஒரு வீடோ சில வீடுகளோ எரியும்போது அணைப்பதற்காக வடிவமைக்கப்படுவது. ஒரு மலைச்சரிவே எரியும்போது வானிலிருந்துதான் நீர் கொட்ட வேண்டும். அன்று மாலை சூறைக்காற்றால் ஹெலிகாப்டர்களும் விமானங்களும் பறக்க முடியாமல் போனதால், முழுப் பாரமும் தெருக்குழாய்களின் மேல் விழுந்தது.

பதில் 2 (கலிபோர்னியாவிலிருந்து):

முன்னவர் தண்ணீரைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். பட்ஜெட் விவகாரம் அதைவிடக் குழப்பமானது, ஏனெனில் இரு தரப்பும் சொன்ன எண்கள் உண்மையான எண்களே.

2024-25 ஆம் நிதியாண்டில் தீயணைப்புத் துறைக்கான ஒதுக்கீடு முந்தைய ஆண்டைவிட 1.76 கோடி டாலர் குறைத்து நிறைவேற்றப்பட்டது என்பது உண்மை. ஆனால் அப்போது வீரர்களின் ஊதிய ஒப்பந்தம் பேச்சுவார்த்தையில் இருந்ததால் அதற்கான தொகை தனியாக வைக்கப்பட்டிருந்தது. நவம்பரில் ஒப்பந்தம் முடிந்ததும் ஊதிய உயர்வுக்கென 5.3 கோடி டாலரை மாநகர மன்றம் ஒதுக்கியது; ஆகவே ஆண்டின் மொத்தச் செலவு கூடவே செய்தது. இதை வைத்து "வெட்டே நடக்கவில்லை" என்று மேயர் தரப்பு சொன்னதுதான் எனக்கு உறுத்தியது. ஊதியம் உயர்வது வேறு, வேலை செய்யும் மணி நேரம் கூடுவது வேறு. 2024 டிசம்பர் 4 அன்று துறைத் தலைவர் கிறிஸ்டின் குரோலி எழுதிய குறிப்பில், மிகைநேரப் பணிக்கான தொகையில் 70 லட்சம் டாலர் குறைக்கப்பட்டதால் பயிற்சிக்கும் பெரிய அவசரநிலைகளுக்கான ஆயத்தத்திற்கும் பாதிப்பு ஏற்பட்டுள்ளதாக எச்சரித்திருந்தார். சுமார் 39 லட்சம் மக்களுக்குச் சீருடைப் பணியாளர்கள் ஏறத்தாழ 3,250 பேர்தான் என்ற நிலையில், மிகைநேரப் பணி என்பது அங்கே கூடுதல் வசதி கிடையாது, அன்றாட ஓட்டமே அதை நம்பித்தான். அவர்களுக்கு வரும் அழைப்புகளில் மிகப் பெரும்பாலானவை மருத்துவ உதவிக்கானவை என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

பழுதுபார்க்கும் மெக்கானிக்குகள் போதாமல் நூற்றுக்கும் மேற்பட்ட வண்டிகள் பணிமனையில் நின்றிருந்தன என்று குரோலி சொன்னார். வீரர் பணியிடங்களைக் காத்துக்கொண்டு, சீருடை அணியாத பணியிடங்களை வெட்டினால் பத்திரிகையில் தலைப்புச் செய்தி வராது. வண்டி ஓடாது என்பது பிறகுதான் தெரியும். மாநகர மன்றங்கள் எங்கும் செய்கிற காரியம் இது.

ஆயினும் துறைத் தலைமையின் மீதும் கேள்வி உண்டு. காற்று கடுமையாக வீசும் என்று முன்கூட்டியே எச்சரிக்கை வந்திருந்தும், அன்று காலை பணி முடித்த சுமார் 1,000 வீரர்களை அடுத்த பணிமுறைக்கும் இருக்கச் சொல்லவில்லை. கூடுதலாக இயக்கக்கூடிய 40-க்கும் மேற்பட்ட வண்டிகளில் ஐந்துக்கு மட்டுமே ஆட்கள் அமர்த்தப்பட்டனர் என்று லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் எழுதியது. நிறுத்தி வைத்திருந்தாலும் அவர்களை ஏற்றிச் செல்லப் போதிய வண்டிகள் ஓடும் நிலையில் இல்லை என்பது தொழிற்சங்கத்தின் மறுமொழி. தீயை எதிர்பார்த்து முன்னதாகவே நிறுத்தி வைத்த சில வண்டிகளும் நகரின் வேறு பகுதிகளான சான் பெர்னாண்டோ பள்ளத்தாக்கிலும் ஹாலிவுட்டிலும்தான் இருந்தன, பாலிசேட்ஸில் ஒன்றுகூட இல்லை. பணம் கூடுதலாக இருந்திருந்தாலும் இந்த முடிவு மாறியிருக்குமா என்பது எனக்கு ஐயமே.

பதில் 3 (சட்ட மாணவி):

பொறுப்பு யாருடையது என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு நகர நிர்வாகத்தின் அடிப்படைச் சட்டமான நகரச் சாசனத்தைப் பார்க்க வேண்டும். அங்கே 15 உறுப்பினர் கொண்ட மாநகர மன்றம் பட்ஜெட்டையும் நீர்க் கட்டணத்தையும் அங்கீகரிக்கிறது. நீர், மின்சாரத் துறையை அன்றாடம் நடத்துவதோ ஐந்து பேர் கொண்ட வாரியம். அவர்களை மேயர் நியமிக்கிறார், மன்றம் உறுதி செய்கிறது. தெருவோரத் தீயணைப்புக் குழாய்களைப் பராமரிப்பது நீர்த்துறை, பயன்படுத்துவது தீயணைப்புத் துறை. நீங்கள் சொன்ன "கைகாட்டும் வசதி" அங்கே இல்லாமல் இல்லை, ஐயா. ஒரே கூரைக்குள் இருக்கிறது, அவ்வளவுதான்.

மேயர் கேரன் பாஸ் தீ மூண்ட நாளில் கானா நாட்டில் இருந்ததற்காகக் கடும் கண்டனத்துக்கு ஆளானார். பிப்ரவரி 21 அன்று, வீரர்களை வீட்டுக்கு அனுப்பியதைக் காரணங்களில் ஒன்றாகக் காட்டி, குரோலியைப் பதவியிலிருந்து நீக்கினார். சாசனம் அளிக்கும் உரிமைப்படி குரோலி மன்றத்திடம் மேல்முறையீடு செய்தார். மீண்டும் பதவி பெற 10 உறுப்பினர்களின் வாக்கு தேவைப்பட்டது. மார்ச் 4 அன்று 13-க்கு 2 என்ற கணக்கில் மேல்முறையீடு தோற்றது. அவருக்கு ஆதரவாக நின்ற இருவரில் ஒருவர் டிரேசி பார்க். எரிந்த பகுதியின் உறுப்பினரே அவர்தான். பட்ஜெட்டை நிறைவேற்றிய மன்றமே, அந்தப் பட்ஜெட்டைக் குறைகூறிய அதிகாரியின் நீக்கத்தின் மீதும் தீர்ப்பளித்தது என்பதை என்னால் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை.

கேள்வியாளர் மீண்டும்:

மூவருக்கும் மிக்க நன்றி. தண்ணீர் இருந்தது, அழுத்தம் இல்லை. ஆட்கள் இருந்தார்கள், இடத்தில் இல்லை என்று புரிந்துகொள்கிறேன். ஒரு கேள்வி மட்டும் மிச்சம்: நம் அரசியலமைப்பில் தீயணைப்பும் நகராட்சியின் பணியாகச் சொல்லப்பட்டிருக்கிறது என்று எங்கோ படித்தேன். அது உண்மையா?

பதில் 4 (சட்ட மாணவி):

உண்மை. 74-ஆம் திருத்தம் சேர்த்த பன்னிரண்டாம் அட்டவணையில் 5-ஆவது இனம் நீர் வழங்கல், 7-ஆவது இனம் தீயணைப்புச் சேவை. ஆனால் இவற்றை நகராட்சிகளிடம் ஒப்படைப்பதா என்பதை மாநிலச் சட்டமன்றமே முடிவு செய்கிறது. மும்பையில் தீயணைப்புப் படை மாநகராட்சியினுடையது. தமிழ்நாட்டில் 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மாநில அரசின் துறையாகத் தொடர்கிறது.

பதில் 5 (ஓய்வுபெற்ற குடிநீர்ப் பொறியாளர்):

இதோடு ஒன்று. கோவையில் உங்கள் தெருவில் தீயணைப்புக் குழாய் இருக்கிறதா என்று பார்த்திருக்கிறீர்களா? நம் நகரங்களின் பெரும்பாலான தெருக்களில் அது கிடையாது; வண்டி தன் தொட்டியில் கொண்டுவரும் தண்ணீரும், பின்னால் அழைக்கப்படும் குடிநீர் லாரிகளும்தான். லாரி எங்கே நிரப்பும், திரும்ப எத்தனை நிமிடம் ஆகும் என்பதை உங்கள் வார்டு கவுன்சிலரிடமும் அருகிலுள்ள நிலைய அலுவலரிடமும் தனித்தனியாகக் கேட்டுப் பாருங்கள். இரண்டு பதிலும் பொருந்துகின்றனவா என்பதை இங்கேயே எழுதுங்கள்.