கயத்தாறு விமானத்தளம்: நம் குமரி மாவட்டத்தார் கண்டதும் கேட்டதும்

நாகர்கோவிலிலிருந்து:

மதுரைக்குக் காரில் போகும் நம்மவர்களில் பலர் கயத்தாற்றில் இறங்கிக் கட்டபொம்மன் நினைவிடத்தைப் பார்த்திருப்பார்கள். 1799 அக்டோபர் 16 அன்று அவர் தூக்கிலிடப்பட்ட ஊர் என்பது பள்ளிப் பாடத்திலேயே மனத்தில் பதிந்துவிட்ட செய்தி. அதே ஊரை ஒட்டி இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமானத்தளம் ஒன்று கைவிடப்பட்டுக் கிடப்பதை, அங்கே பெண் கொடுத்த வகையில் சம்பந்தி வீட்டார் அழைத்துப் போய்க் காட்டிய பிறகுதான் நான் அறிந்தேன். ஓடுதளத்தின் விளிம்புகளில் ஜல்லி பெயர்ந்திருந்தது. விரிசல்களில் புல்லும் உடைமரக் கன்றுகளும் முளைத்திருந்தன. அங்கு ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர், மழை பெய்துவிட்டால் சுற்றியுள்ள கரிசல் மண் காலை விடாது என்றும், அந்நேரம் ஆடுகள் தாமாகவே இந்தக் கெட்டித் தரைக்கு ஏறிவந்து நின்றுகொள்ளும் என்றும் சொன்னார்.

பர்மாவில் குண்டு போடுவதற்கு இங்கிருந்துதான் விமானங்கள் புறப்பட்டன என்று அவ்வூரில் ஒரு பேச்சு இருக்கிறது. எனக்கு அது பொருந்தி வரவில்லை. கயத்தாற்றிலிருந்து ரங்கூன், கடலுக்கு மேலாக 2000 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. கொழும்போ 300 கிலோமீட்டருக்குச் சற்றே அதிகம். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. ஏப்ரல் 5 அன்று கொழும்பும், மறுநாள் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும், 9 அன்று திருகோணமலையும் ஜப்பானிய விமானங்களின் தாக்குதலுக்கு உள்ளாயின. சென்னையிலிருந்து மக்கள் கூட்டங்கூட்டமாக வெளியேறியதும் அந்த ஏப்ரலில்தான். உளுந்தூர்ப்பேட்டை, சோழவரம், செட்டிநாடு என்று தமிழகத்தில் போர்க்கால ஓடுதளங்கள் இருக்கும் இடங்களை வரைபடத்தில் குறித்துப் பார்த்தால், இலங்கையையும் கடற்கரையையும் காக்க வேண்டும் என்ற அச்சமே கயத்தாற்றுத் தளத்துக்கும் காரணமாக இருந்திருக்கும் என்று கருதத் தோன்றுகிறது.

தோவாளையிலிருந்து:

நாகர்கோவில் அண்ணாச்சி எழுதியதைப் படித்ததும் என் தாத்தா நினைவுக்கு வந்தார். அந்தத் தளத்தில் அவர் கூலி வேலை பார்த்தவர். நெல் விளையும் நாஞ்சில் நாட்டிலிருந்து ஒருவர் கரிசல் காட்டுக்குக் கூலிக்குப் போவானேன் என்று இன்று யாரும் கேட்கலாம். பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோனது. நம் பகுதி அன்று சேர்ந்திருந்த திருவிதாங்கூர் சமஸ்தானம் முழுவதும் தட்டுப்பாடு ஏற்பட்டு, பல வீடுகளில் மரச்சீனிக் கிழங்கே, அதாவது மரவள்ளியே, ஆகாரமாயிற்று. வேலை இருக்கிறது என்று கேள்விப்பட்டால் எவ்வளவு தொலைவானாலும் ஆட்கள் கிளம்பினார்கள். ஆண்கள் மண் சுமந்து திம்மிசுக் கட்டையால் இடிக்க, பெண்கள் வெயிலில் உட்கார்ந்து ஜல்லி உடைத்தார்களாம். உச்சிப்பொழுதில் கஞ்சிக்கு ஒரு மணியடிப்பார்களாம்.

அன்றைக்கு ஆரல்வாய்மொழியைத் தாண்டினால் வேற்று ஆட்சி, அதாவது பிரிட்டிஷ் இந்தியா. கூலியும் பிரிட்டிஷ் ரூபாயாகவே கிடைத்தது. திருவிதாங்கூர் சர்க்கார் ரூபாய்க்கு, அந்நாட்டுச் சில்லறைக் காசான சக்கரம் 28. பிரிட்டிஷ் ரூபாய்க்கு இருபத்தெட்டரை. அந்த அரைச் சக்கரத்தைக் கடைக்காரர்கள் சரியாகத் தராமல் இழுத்தடித்தார்கள் என்று, விமானத்தைப் பற்றிச் சொன்னதைவிட அதிகமாகத் தாத்தா குறைபட்டுக்கொள்வார். விமானம் இறங்கியதை அவர் பார்க்கவே இல்லை; வேலை முடிந்ததும் ஆட்களை அனுப்பிவிட்டார்கள்.

மார்த்தாண்டத்திலிருந்து:

எங்கள் பக்கத்தில் விமானத்தளம் என்றால் எப்போதுமே திருவனந்தபுரம்தான். 1956 நவம்பர் 1 வரை நாமும் திருவிதாங்கூர்ப் பகுதியாக இருந்தவர்கள் என்பதால் அதை அயலூராக யாரும் நினைத்ததில்லை. 1932இல் விமானப் பயிற்சிக் கழகத்துக்காக ஏற்பட்ட அந்தத் தளத்தில், 1935 நவம்பரிலேயே டாடா நிறுவனத்தின் சிறு விமானம் அஞ்சல் கடிதங்களுடன் வந்திறங்கியது. கடிதம், பயணி, அரண்மனை என்று அதற்கு வேலை இருந்தது. பின்னாளில் நம் பிள்ளைகள் வளைகுடாவுக்குப் போகத் தொடங்கியபோது அந்த வேலை பன்மடங்காயிற்று. கயத்தாற்றுத் தளத்துக்குப் போரைத் தவிர வேறு வேலை கொடுக்கப்படவில்லை. அதன் அக்கம்பக்கத்தில் இன்று உழைப்பது காற்று மட்டுமே. நம் முப்பந்தலைப் போலவே அங்கும் காற்றாலைகள் நிற்கின்றன, அவற்றைச் சோதிப்பதற்கான மத்திய அரசு நிலையமும் அங்கேதான் இருக்கிறது. நெல்லை, தூத்துக்குடிப் பகுதிகளுக்குப் பயணிகள் விமானத்தளம் தேவைப்பட்டபோதும் பழைய ஓடுதளத்தைத் திருத்தவில்லை. வாகைக்குளத்தில் புதிதாக அமைத்து, 1992இல் திறந்தார்கள்.