லான்ஸ் பக்கத்து நிலக்கரிக் குன்றுகள்: ஏறாமல் சுற்றி மட்டும் நடக்க முடியுமா?

சட்டைப்பைக்கல் எழுதியது:

வணக்கம் எல்லோருக்கும். பாரிசில் இருக்கிறோம். ஒவ்வொரு முறை வடக்கே போகும்போதும் லான்ஸ் பக்கம் சமவெளியில் திடீரென்று இரண்டு கறுப்பு மலைகள் முளைத்து நிற்கிறதே, அதைப் பார்த்து மகன் "அங்கே போகலாம், அங்கே போகலாம்" என்று ஒரு வருடமாக நச்சரிக்கிறான். ஒன்பது வயது, கல் பைத்தியம், துவைக்கப் போடும் ஒவ்வொரு சட்டையிலும் நாலு கல்லாவது இருக்கும். இப்போது ஊரிலிருந்து அம்மாவும் வந்திருக்கிறார். அவருக்கு முழங்கால் வலி, சமதரையில் ஒன்றரை மணி நேரம் மெதுவாக நடப்பார், மேடு என்றால் அங்கேயே உட்கார்ந்துவிடுவார்.

என் கேள்வி இதுதான். ஏறாமல் அடிவாரத்தைச் சுற்றி மட்டும் நடந்தால் பார்க்க ஏதாவது இருக்கிறதா, இல்லை சும்மா ஒரு குப்பைமேட்டைச் சுற்றி வந்த கதையாகிவிடுமா? வண்டி இல்லை, ரயிலில்தான் வருவோம். என் கணவர் "அது சுரங்கக் கழிவுதானே, அதைப் பார்க்க ஒரு பயணமா" என்று கேட்கிறார். பதில் சொல்லத் தெரியவில்லை.

---

மெதுநடை எழுதியது:

தாராளமாகப் போகலாம். நீங்கள் சொல்வது லோஸ்-ஆன்-கோயெல் ஊரில் இருக்கும் இரட்டைக் குன்றுகள். இங்கே அவற்றைத் 'தெரி' என்பார்கள், எழுத்தில் கடைசியில் ஒரு 'ல்' வரும், வாயில் வராது. 11/19 என்று கேட்டால் எல்லோரும் வழி காட்டுவார்கள், அது அங்கிருந்த சுரங்கக் குழிகளின் எண்.

பாரிசின் வடக்கு ரயில் நிலையத்திலிருந்து நேரடி தெஜெவேயில் (அதிவேக ரயில்) லான்சுக்கு ஒரு மணி நேரம், கொஞ்சம் கூட ஆகலாம். லான்சில் இறங்கி அம்மாவை அங்கிருந்தே நடக்க வைக்காதீர்கள், குன்றை அடையும் முன்பே அவருடைய ஒன்றரை மணி நேரம் தீர்ந்துவிடும். 11/19 வரை பேருந்திலோ டாக்சியிலோ போய் இறங்கி, நடையை அங்கே தொடங்குங்கள். பழைய சுரங்கக் கட்டடங்கள், 66 மீட்டர் உயர கான்கிரீட் கோபுரம், பக்கத்திலேயே பழைய இரும்புக் கோபுரம், அதற்குப் பின்னால் குன்றுகள். அடிவாரப் பாதை அகலம், பெரும்பாலும் சமம். நான் என் மாமியாரோடு போனேன், அவருக்கு எழுபத்திரண்டு வயது, நின்று நின்று நடந்தார், ஒரு குறையும் சொல்லவில்லை (அவர் குறை சொல்லாமல் இருப்பது அபூர்வம்).

இரண்டே விஷயம். நிழல் கிடையாது, காற்று பலம். அப்புறம் வெள்ளைக் காலுறை வேண்டவே வேண்டாம்.

---

கரித்தூள் எழுதியது:

உங்கள் கணவருக்கு நான் பதில் சொல்கிறேன். கழிவுதான், சரி. ஆனால் எப்படி வந்த கழிவு என்று தெரிந்தால் அடிவாரத்தில் நின்றே இரண்டு மணி நேரம் போய்விடும்.

திறந்தவெளிச் சுரங்கத்தில் மேல்மண்ணை அள்ளி ஒதுக்குவார்கள். இது அந்த மாதிரி இல்லை. இங்கே நிலக்கரி ஆழத்தில், மெல்லிய அடுக்குகளாகக் கிடந்தது. அதை வெட்டும்போது மேலும் கீழும் இருக்கும் களிப்பாறையும் மணற்பாறையும் கூடவே வந்தன, சுரங்கத்துக்குள் வழி குடைந்த பாறையும் சேர்ந்தது. ஆரம்பத்தில் கையால்தான் பிரித்தார்கள், பட்டை போல ஓடும் மேடையின் இரண்டு பக்கமும் நின்று கல்லைப் பொறுக்கி எறிந்தவர்கள் பெரும்பாலும் பெண்களும் சிறுமிகளும். பிறகு எந்திரம் வந்தது. எந்திரத்துக்குக் கரி எது, கல் எது என்று தெரியாது, எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வரும், தண்ணீர்த் தொட்டியில் விட்டால் கனமான கல் அடியில் தங்கும், லேசான கரி மேலே வரும். அதனால்தான் பிற்காலத்துக் குன்றுகள் இவ்வளவு பெரிதாயின. சாய்ந்த தண்டவாளத்தில் தள்ளுவண்டியை உச்சிக்கு இழுத்து அங்கேயே கவிழ்ப்பார்கள், கல் தானாக உருண்டு நிற்கும் சரிவுதான் அந்தக் கூம்பு. அரிசியை மேலேயிருந்து கொட்டினால் எப்படிக் குவியும், அதே கணக்கு. அப்படியே குவிந்து குவிந்து கடல் மட்டத்திலிருந்து 186 மீட்டர் வரை போயிருக்கிறது.

மகனுக்கு: கறுப்புக் கல்லுக்கு நடுவே செங்கல் நிறத்தில் கல் கிடந்தால் கேளுங்கள், ஏன் சிவப்பு என்று. பாறையில் பைரைட் என்ற இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம் உண்டு. காற்றும் ஈரமும் பட்டால் அது சூடாகும், அந்தச் சூட்டில் குன்றில் மிச்சமிருக்கும் கரி பற்றிக்கொள்ளும், வருடக்கணக்காக உள்ளுக்குள்ளேயே புகையும். அந்த வெப்பத்தில் களிப்பாறை சூளையில் வெந்த மாதிரி சிவந்துவிடும். பழைய குன்றுகளில், கையால் பிரித்த காலத்துக் கரி அதிகம் தங்கியிருந்ததால் இது சகஜம். வெந்த சிவப்புக் கல்லைச் சாலை போட வெட்டி எடுத்தே பல குன்றுகள் காணாமல் போயின.

இன்னொன்று, களிப்பாறைத் தகடுகளைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். 30 கோடி வருடத்துக்கு முந்தைய சதுப்புக் காட்டின் பெரணி இலை அச்சு சில நேரம் கிடைக்கும். பார்த்து, படம் எடுத்து, அங்கேயே வைத்துவிடச் சொல்லுங்கள். உங்கள் துணி துவைக்கும் எந்திரத்துக்கும் அதுதான் நல்லது.

---

உச்சிவரை எழுதியது:

எல்லோரும் அடிவாரம் அடிவாரம் என்கிறீர்கள். அவ்வளவு தூரம் போய் ஏறாமல் வருவதா? மேலே நின்றால்தான் புரியும். லான்ஸ் கால்பந்து அரங்கம், லூவ்ர்-லான்ஸ் அருங்காட்சியகம், வரிசை வரிசையாகத் தொழிலாளர் வீடுகள், தூரத்தில் வேறு குன்றுகள் என்று சுரங்கப் பகுதி முழுவதும் படம் விரித்த மாதிரி கிடக்கும். 1906 மார்ச் 10 அன்று கூரியேர் சுரங்க விபத்தில் 1,099 பேர் இறந்தார்களே, அந்த ஊர்கள் கிழக்கே கண்ணுக்கு எட்டும் தூரம்தான். அம்மா கீழே இருக்கட்டும், நீங்களும் பையனும் ஏறுங்கள். போய்வர ஒரு மணி நேரம்.

---

மெதுநடை எழுதியது:

வயதானவரை அந்தக் காற்றில் ஒரு மணி நேரம் தனியாக நிற்க வைத்துவிட்டா? நன்றாகச் சொன்னீர்கள் போங்கள். யாராவது ஒருவர் கூட இருந்தால் சரி, மற்றவர் பையனோடு ஏறலாம். மழை பெய்த மறுநாள் வேண்டாம், மேல்பகுதியில் கல் வழுக்கும், ஏறுவதைவிட இறங்குவதுதான் சிரமம்.

---

தேரைக்காரன் எழுதியது:

பாதையை விட்டு விலகாதீர்கள், அதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். வார இறுதிகளில் குறுக்குவழி கண்டுபிடிக்கிறேன் என்று நேராகச் சரிவில் ஏறுகிறவர்களைப் பார்க்கிறேன். ஒரு கால்தடம் விழுந்தால் அடுத்த மழை அதை வாய்க்கால் ஆக்கிவிடும், பத்து வருடமாகப் பிடித்து வளர்ந்த செடி ஒரே நாளில் சரிந்து வரும். வேறு சில குன்றுகள் இன்னும் உள்ளே சூடாக இருக்கின்றன, அங்கே வேலி போட்டிருந்தால் காரணத்தோடுதான். 1975இல் கலோன்-ரிக்குவார் என்ற ஊரில் சூடான ஒரு குன்று வெடித்து உயிர்ச்சேதமே ஆகியிருக்கிறது. லோஸ் குன்றுகளின் பாதையில் அந்தப் பயம் இல்லை.

கறுப்புக் கல் வெயிலை வாங்கி வைத்துக்கொள்வதால் சுற்றியுள்ள வயலைவிடக் குன்று வெதுவெதுப்பு. அதனால் தெற்கே வளரவேண்டிய செடிகள், சுவர்ப் பல்லி, பறக்கும்போது மட்டும் நீலச் சிறகு காட்டும் வெட்டுக்கிளி எல்லாம் இங்கே குடியேறிவிட்டன. அடிவாரத்தில் மழைநீர் தேங்கும் குட்டைகளைத் தேடி ஒரு தேரை வரும், அது தத்தாது, எலி மாதிரி ஓடும். வசந்தகாலத்து மாலையில் அதன் சத்தம் வெகுதூரம் கேட்கும். இதெல்லாம் கீழேதான், உச்சியில் இல்லை.

11/19இல் இந்தக் குன்றுகளுக்கென்றே ஒரு சங்கம் இயங்குகிறது, 'குன்றுகளின் தொடர்' என்று பொருள்படும் பெயர், வழிகாட்டியோடு நடை நடத்துவார்கள். நேரத்தை முன்னதாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

---

கரித்தூள் எழுதியது:

விட்டுப்போனது ஒன்று. இந்தப் பகுதியில் 1720இல் ஃப்ரேன்-சூர்-எஸ்கோவில் முதல் நிலக்கரி கிடைத்தது, லோஸில் 1986இல் குழி மூடினார்கள், கடைசி வண்டி கரி 1990 டிசம்பர் 21 அன்று ஒஞ்ஞியில் மேலே வந்தது. அதற்குப் பிறகு இந்தக் குன்றுகளை இடித்துத் தள்ளிவிடலாம் என்று நினைத்தவர்களும் உங்கள் கணவர் கேட்ட அதே கேள்வியைத்தான் கேட்டார்கள். 2012இல் சுரங்கப் பகுதி யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது, அதில் 51 குன்றுகள் உண்டு. இதை அவருக்குக் காட்டுங்கள்.

---

சட்டைப்பைக்கல் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை போய்வந்தோம்.

மெதுநடை சொன்னபடி 11/19இல் இறங்கி அடிவாரப் பாதையில் நடந்தோம். அம்மா முதலில் "இதென்ன, கரிமூட்டையைக் கொட்டி வைத்த மாதிரி" என்றார். அந்தப் பெண்கள் கல் பொறுக்கிய கதையைச் சொன்னதும் நின்றுவிட்டார். அரிசியில் கல் பொறுக்கிய கை அவருக்கு, ஒரு கறுப்புத் துண்டையும் ஒரு சாம்பல் நிறத் துண்டையும் எடுத்து இரண்டு கையிலும் எடை பார்த்தார். "கரி லேசாக இருக்கிறது, கண்ணை மூடிக்கொண்டே பிரிக்கலாம்" என்றார். ஆனால் நாளெல்லாம் நின்றால் முதுகு போய்விடும் என்றும் சொன்னார்.

பெரணி முழுசாகக் கிடைக்கவில்லை, தண்டு மாதிரி கோடு கோடாக ஒரு அச்சு கிடைத்தது, படம் எடுத்து அங்கேயே வைத்தான், வைக்கும்போது அழாத குறை. கணவர்தான் அவனைக் கூட்டிக்கொண்டு உச்சிக்குப் போனார். கேள்வி கேட்ட அதே கணவர். இறங்கி வந்து, அடுத்த முறை அவியோன் பக்கத்தில் மரம் அடர்ந்த நீளமான குன்று ஒன்று இருக்கிறதாம், அதையும் பார்க்கலாம் என்கிறார்.

வெள்ளைக் காலுறை விஷயத்தில் நான் மெதுநடை பேச்சைக் கேட்டேன், கணவர் கேட்கவில்லை. இரண்டு முறை துவைத்தாயிற்று, சாம்பல் நிறத்தில்தான் நிற்கிறது. அதற்கு யாரிடமாவது வழி இருந்தால் சொல்லுங்கள்.